கம்பத்துக்கு ஊட்டிய இரை

கம்பத்தின் அடியில் மீன்முள் குவிந்து கிடந்தது.

தூரத்திலிருந்து பார்த்தபோது உப்புப் பூத்திருக்கிறது என்றுதான் கோதை நினைத்தாள். ஆவணி வெயிலில் மருதவனேந்தல் கண்மாய் சுத்தமாக வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. மழை பிறந்ததும் நாரைகள் வந்து கூடு கட்டும் கருவேல மரங்களில் எண் பலகைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க வந்திருந்தாள். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். தண்ணீர் நிற்கும் காலத்தில் கரையிலிருந்து தொலைநோக்கி வழியாகப் பார்த்தே பழகிய மரங்களுக்கு, கண்மாய் வற்றும்போது மட்டும் அடிவரைக்கும் நடந்து போகலாம்.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். கெண்டை, கெளுத்தி, விரால் என்று சின்னதும் பெரியதுமாக முட்கள், கம்பத்தைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தன. உச்சியில், குஞ்சுச் சத்தம் எழுப்பிப் பறவைகளை வரவழைக்கும் அழைப்பான் பெட்டி வாயை மூடிக்கொண்டு நின்றது. அடுத்த கம்பத்துக்கு நடந்தாள். அங்கேயும் அதே குவியல். கண்மாய்க்குள் நட்டிருந்த எல்லாக் கம்பங்களின் காலடியிலும் யாரோ படையல் வைத்துவிட்டுப் போனதுபோல் முள் வெளுத்துக் கிடந்தது.

பிறகுதான் மரத்தடிகளைப் பார்த்தாள். அங்கே மீன்முள் இல்லை. பிஞ்சு எலும்புகள் கிடந்தன. நீளமான, இன்னும் முற்றாத அலகுகள். சில கூடுகளே அப்படியே கீழே விழுந்திருந்தன, உள்ளே இருந்ததோடு.

"என்ன தாயி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

கரையிலிருந்து இறங்கி வந்தவள் முத்திருளாயி. ஊராட்சித் தலைவி, ஆனால் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற நேரத்தில் தலைவி என்று யாராவது கூப்பிட்டால் சிரித்துவிடுவாள்.

"அக்கா, இது என்ன? இவ்வளவு மீன் எப்படி இங்க வந்தது?"

"எப்படி வரும்? பறவைதான் கொண்டாந்துச்சு. மாசி, பங்குனியில நீ வந்து பாத்திருக்கணும். ஊருக்குள்ள சோறு திங்க முடியல, அம்புட்டு நாத்தம்." முத்திருளாயி தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கம்பத்தைக் கையால் தட்டினாள். "வாய் நெறைய இரையக் கொண்டாரும். மரத்துக்குப் போகும்னு பாத்தா, நேரா இந்தக் கம்பத்துக்கு வந்து கக்கிட்டு, திரும்பப் பறக்கும். பெட்டி அதுபாட்டுக்குக் கத்துது, இது அதுபாட்டுக்குக் கக்குது. மரத்துல குஞ்சு வாயப் பொளந்துகிட்டே கெடக்கும். நாலு நாள்ல தலை தொங்கிரும். பாக்கச் சகிக்கல தாயி."

கோதை கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்டயா? நீ அப்பக் கல்யாணப்பொண்ணுல்ல? பெட்டியப் பாக்க ஒன் வீட்டுக்காரருதான் வந்தாரு. அவருட்டச் சொன்னோம். முட்டி அளவு தண்ணியில எறங்கி நின்னு பாத்தாரு. 'நான் பாத்துக்கிறேங்க்கா'ன்னாரு." முத்திருளாயி கொஞ்சம் தயங்கினாள். "ஒரு வாரம் சத்தம் கொறைஞ்சுச்சு. அப்புறம் முன்னைக்கு மேல கூடத்தான் செஞ்சுச்சு."

கோதை மரத்தடிக்குத் திரும்பி நடந்தாள். தோள்பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைத் தரையில் கொட்டினாள். கழுவாமலே அதற்குள் எலும்பையும் முள்ளையும் அள்ளி நிரப்பினாள்.

*

கடலோரத்தில் நெடுங்கழி என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் தொன்றுதொட்டுக் குஞ்சு பொரித்துவந்த இடம். அந்த ஏரியைத் தூர்த்து ஹைட்ரஜன் ஆலை கட்ட வேண்டும் என்று முடிவானது. பறவைகள் இருக்கும்வரை தூர்க்கக்கூடாது என்று சட்டம் இருந்ததால், பறவைகளை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று புதிதாக ஒரு சட்டம் வந்தது. மாற்று இடம், நல்ல மழை வருஷங்களில் ஏதோ சில நாரைகள் மட்டும் கூடு கட்டிவந்த மருதவனேந்தல் கண்மாய். மாற்றிய இடத்தில் அவை தொடர்ந்து மூன்று பருவங்கள் கூடு கட்டியதாக, ஆலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கணக்கெடுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் பழைய ஏரியை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கெடுப்பாளர்தான் கோதை. இரண்டு பருவங்கள் முடிந்துவிட்டன. மூன்றாவது வரப்போகிறது.

பறவைகளை வரவழைத்த பெட்டி நிரஞ்சனுடையது. வேலை தொடங்கியபோது அவன் அவளுக்கு யாரோ. கூச்சமும் சிரிப்புமாகக் கரையில் வந்து நின்று, "மேடம், நீங்க வருஷக்கணக்கா நெடுங்கழியில பதிவு பண்ணின குஞ்சுச் சத்தமெல்லாம் எனக்குக் கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்டவன். கொஞ்சம் என்ன, எல்லாவற்றையும் கொடுத்தாள். இரண்டாம் பருவத்தில் தன்னையும் கொடுத்தாள். மணமானபின் அவளே இடமாற்ற ஆணையத்துக்கு எழுதிக் கேட்டாள், தான் தொடரலாமா என்று. விதியில் ரத்த உறவு கூடாது என்றுதான் இருக்கிறது, கணவன் ரத்த உறவு ஆகாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நிரஞ்சன் வாசித்துக் காட்டியபோது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இன்று பரமக்குடி வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது அவன் அடுப்படியில் நின்று கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தான். "வெயில்ல கறுத்துட்டே போ. மோர் எடுத்து வெச்சிருக்கேன்" என்றான் திரும்பாமலே.

சாப்பாட்டு மேஜைமேல் டப்பாவைக் கவிழ்த்தாள். எலும்புகள் கலகலவென்று சிதறின.

நிரஞ்சன் அடுப்பை அணைத்தான். என்ன, ஏது என்று அவன் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"உக்காரு கோதை. சொல்றேன்."

"நின்னுக்கறேன். சொல்லு."

"மாசி ஆரம்பத்துல." அவன் கைகளைத் துண்டில் துடைத்தபடியே நின்றான். "முதல் வருஷம் இப்படி இல்ல. நல்ல மழை, மீனும் நிறைய, பெட்டியும் கம்மி. கம்பத்துக்குக் கொடுத்தது போக மீதி குஞ்சுக்கும் கிடைச்சது. ரெண்டாவது வருஷம் பெட்டியை ரெண்டு மடங்காக்கச் சொன்னாங்க ஆணையத்துல. குஞ்சு பசியில கத்தற சத்தம்தான் பறவைக்கு நல்ல சேதி. இங்க குஞ்சு பொரிக்குது, இரை இருக்கு, இது நல்ல இடம். அதைக் கேட்டுத்தான் வந்து கூடு கட்டும். நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தே?"

"நான் சொல்லிக் கொடுத்ததுல பாதியைத்தான் கேட்டிருக்கே. கத்தற குஞ்சுக்கு ஊட்டணும்னுதான் அதுக்குத் தெரியும். எது அதிகமாக் கத்துதோ அதுக்கு முதல்ல. உயிருள்ள குஞ்சு வயிறு நிறைஞ்சா கத்தறதை நிறுத்தும். உன் பெட்டிக்கு வயிறே கிடையாதே, நிரஞ்சன்!"

"குறைச்சுப் பார்த்தேன், கோதை. சத்தியமா ஒரு வாரம் குறைச்சேன். கூட்டை விட்டுட்டுப் பறவை கிளம்ப ஆரம்பிச்சிடுச்சு. கிளம்பிட்டா குஞ்சு மொத்தமும் போயிடும். கூட்டி வெச்சா கொஞ்சமாவது தேறும்னு நினைச்சேன்."

"தேறுச்சா?"

அவன் எலும்புகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"மாசி, பங்குனியில நான் தவறாம கண்மாய்க்குப் போறவ. விதியில இருந்தாலும் இல்லாட்டியும் குஞ்சு பறக்கறதைப் பார்த்துட்டுத்தான் பருவத்தை முடிப்பேன். அது உனக்குத் தெரியும்." அவளுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல் கேட்டது. "மாசியில நிச்சயம், பங்குனியில கல்யாணம். சித்திரையில வெச்சுக்கலாம்னு எங்கப்பா எவ்வளவு சொன்னார்? பங்குனி முகூர்த்தம்தான் வேணும்னு நீதானே ஒத்தக்கால்ல நின்னே?"

"கோதை, அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே. உன்னைச் சீக்கிரம் கட்டிக்கணும்னுதான்..."

"ரெண்டுக்கும்தான்னு சொல்லு. அதையாவது உண்மையாச் சொல்லு."

"இருபது பேர் என்னை நம்பி வேலை பார்க்கறாங்க. மூணாவது பருவம் முடிஞ்சா பெட்டியைத் திருத்திடலாம். வயிறு நிறைஞ்ச மாதிரி நடுவுல நிறுத்தி நிறுத்தி..."

"மூணாவது பருவத்துல சாகப்போறது?"

அவன் துண்டை மடித்து அடுப்பு மேடையில் வைத்தான். கல்யாணமாகி ஐந்து மாசமாகியிருந்தது. இந்த ஐந்து மாசத்தில் அவனிடம் எத்தனை முறை உருகியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறைக்குள் போய் ஒரு பெட்டியில் துணிகளை அடைத்தாள். அவன் வாசல்வரை பின்னாலேயே வந்து, "சாப்பிட்டுட்டாவது போயேன்" என்றான்.

"அந்த மேஜையிலயா?" என்றாள்.

*

மதுரையில் இடமாற்ற ஆணையத்தின் அதிகாரி கிருபாகரன் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். படங்களைப் பார்த்தார். காபி வரவழைத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா சட்டம் என்ன கேக்குது? கூடு கட்டுச்சா, இல்லையா?"

"கட்டுச்சு சார். கட்டி, குஞ்சு பொரிச்சு, பட்டினி போட்டுக் கொன்னுச்சு. பெட்டி கொல்ல வெச்சது."

"குஞ்சு பிழைக்கறதும் பிழைக்காததும் இயற்கையோட வேலை. அதை நாங்க எப்படிக் கட்டுப்படுத்த முடியும்?"

"அப்ப கூடு கட்டறது மட்டும் யார் வேலை சார்?"

கிருபாகரன் சிரித்தார். கெட்டிக்காரப் பெண் என்று மெச்சுகிற சிரிப்பு. "உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா விலகிக்கலாம். கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமலா போகும்? இன்னொண்ணு. அந்தப் பெட்டிங்க அரசாங்கச் சொத்து. ஒருத்தர் கைவெச்சாலும் உடனே எங்களுக்குத் தகவல் வந்துடும். ஊர்க்காரங்ககிட்டச் சொல்லி வைங்க."

அவள் விலகவில்லை. விலகினால் அந்தக் கையெழுத்து வேறொருவன் பேனாவில் சுலபமாக இறங்கிவிடும். காபி அப்படியே ஆடை படிந்து மேஜையில் இருந்தது.

*

கார்த்திகையில் கண்மாய் நிரம்பியது. மருதவனேந்தல் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கென்று கட்டி யாரும் குடிவராத ஓர் அறையை முத்திருளாயி அவளுக்குத் திறந்துவிட்டிருந்தாள். மழை விட்ட முதல் காலையிலேயே பெட்டிகள் கத்தத் தொடங்கின. ஆயிரம் குஞ்சுகள் ஒரே பசியோடு கத்துவது போன்ற சத்தம். ஒரு குஞ்சுகூட இல்லாத கண்மாயில் அந்தச் சத்தம் அலையலையாக எழுந்து வீடுகளுக்குள் புகுந்தது. அத்தனையும் நெடுங்கழியில் கோதையே பதிவுசெய்த சத்தம்.

மூன்றாம் நாள் நாரைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் சுள்ளி பொறுக்கத் தொடங்கியது.

ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. வெயில் இறங்காத நேரம். முத்திருளாயி சுற்றிவளைக்காமல் சொன்னாள்: "வெடி போட்டு வெரட்டுவோம்."

மருதவனேந்தலில் தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புக்கூட கொளுத்துவதில்லை. கல்யாணத்துக்கு மேளம் இல்லை, கோயில் கொடைக்கு மைக் செட் இல்லை. குஞ்சு பயந்து கூட்டைவிட்டு விழும் என்று எந்தக் காலத்திலோ விட்ட பழக்கம். யார் சொல்லி விட்டார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது.

டீக்கடை சேதுராசு எழுந்து நின்றார். "எங்கப்பன் செத்தன்னைக்கு ஒரு கொட்டுச் சத்தம் இல்லாமத் தூக்கிட்டுப் போனேன். சொந்தக்காரன்லாம் 'அநாதைப் பொணமாடா'ன்னு காறித் துப்புனான். எதுக்குப் பொறுத்தேன்? இந்தப் பறவைக்காக. இப்ப என் கையில வெடியக் குடுக்குறியா நீ?"

"ஒன் ஊருல மைக் கட்டக்கூடாதுன்னு இருந்தே. அவென் வந்து கண்மாய்க்குள்ளயே கட்டிட்டானே, மாமா!" முத்திருளாயியும் கத்தினாள். "போன பங்குனியில கரையில ஒதுங்குன குஞ்சையெல்லாம் நீதான அள்ளிப் பொதைச்ச? இந்தப் பங்குனிக்கும் குழி வெட்டி வெக்கட்டுமா, சொல்லு!"

"பறவை இங்கருந்து எங்க போகும்?" என்றார் சேதுராசு.

எல்லோரும் கோதையைப் பார்த்தார்கள்.

"நெடுங்கழியில இன்னும் தண்ணி இருக்கு" என்றாள் கோதை. "மரமும் இருக்கு. இங்க இந்த வருஷம் கூடு இல்லேன்னா அந்த ஏரியைத் தொட முடியாது."

"முட்டை வெச்சிருச்சா தாயி?"

அவளுக்குப் புரிந்தது. இதற்கு அவள் சொல்லப்போகும் பதில்தான் தீக்குச்சி. கூடு கட்டும் பறவையைக் கலைப்பது குற்றம் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் அவள்.

"இன்னும் இல்ல அக்கா. இந்த வாரம் முழுக்கச் சுள்ளி சேர்க்கும். அடுத்த வாரம் வெச்சிடும்."

அவ்வளவுதான். வெடிக்குப் பணம் எடுத்துவர ஆளாளுக்கு வீட்டுக்குப் போனார்கள்.

சிவகாசியிலிருந்து மூட்டைகள் வந்தன. மறுநாள் மாலை, வானம் சிவந்திருந்தபோது, ஊரே கரையில் நின்றது. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: அந்த ஊரில் யாருக்கும் வெடி வெடிக்கத் தெரியாது. சரத்தை எந்தப் பக்கம் பற்றவைப்பது என்று இரண்டு பெரிய மனுஷர்கள் சண்டை போட்டார்கள். ஒருவர் அணுகுண்டைக் கையில் பிடித்துக்கொண்டே திரியைத் தேடினார். "அய்யோ, கீழ வைங்க, கை போயிரும்!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தவள் திருப்பூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு மருமகள். அவள்தான் வரிசையாக எல்லோருக்கும் ஊதுவத்தி கொடுத்து, எட்டி நின்று கொளுத்துவது எப்படி என்று காட்டினாள். "எங்க ஊருல அஞ்சு வயசுப் புள்ள செய்யும். நீங்க என்னடான்னா..." என்று அவள் சிரிக்க ஆரம்பித்தபோது முதல் சரம் வெடித்தது.

சிரிப்பு அங்கேயே நின்றது.

கண்மாய் முழுக்க ஒரே வெள்ளையாக எழுந்தது. சேர்த்த சுள்ளிகள் அலகிலிருந்து தண்ணீரில் விழுந்தன. பறவைகள் வட்டமடித்துத் திரும்ப இறங்கப் பார்த்தன. பெட்டிகள் அப்போதும் கத்திக் கத்தி அவற்றை அழைத்தன. இன்னொரு சரம். இன்னொன்று. சேதுராசு முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளையும் வீசி, "போயிருங்கப்பா! எங்கயாச்சும் போயிருங்க! எங்க மூஞ்சில முழிக்காதீங்க!" என்று அலறினார். அவர் முகமெல்லாம் கண்ணீர். கரையிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே அடுத்த சரத்தைப் பிரித்தார்கள். கோதை வெடி எதையும் தொடவில்லை. ஊதுவத்திக் கட்டை மட்டும் ஈரம் படாமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்கு மாலைகள் அப்படிக் கழிந்தன. ஐந்தாவது மாலை வெடிக்கத் தேவைப்படவில்லை. வெறும் மரங்களைப் பார்த்துப் பெட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

*

தை மாதக் கணக்கெடுப்பு நாளில் கிருபாகரன் தாமே நேரில் வந்தார். ஆணையத்தின் வண்டியில் நிரஞ்சனும் வந்திறங்கினான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான்.

கோதை கரையோரம் முழுக்க நடந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்தாள். பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் ஒரு மரத்தைக்கூட விடவில்லை. திரும்பி வந்து, "ஒரு கூடும் இல்ல சார்" என்றாள்.

"அது கண்ணு இருக்கறவனுக்கெல்லாம் தெரியுது. ஏன் இல்ல?" கிருபாகரன் கரையில் நின்ற ஊர்க்காரர்களைப் பார்வையால் அளந்தார். "இங்க கார்த்திகையில வெடி வெடிச்சதா பக்கத்து ஊர்ல பேசிக்கறாங்க. யாராவது தொந்தரவு பண்ணியிருந்தா அந்தப் பருவத்தைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு விதி இருக்கு. முதல் ரெண்டு வருஷத்தை வெச்சுச் சராசரி போட்டு மூணாவதை நிரப்பிக்கலாம். தொந்தரவு பண்ணினவங்க மேல கேஸ் வேற. நீங்க இந்த ஊர்லயேதானே இருந்தீங்க? சொல்லுங்க, வெடிச்சாங்களா?"

பல வருஷங்களாக அவள் ஓர் எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. ஒரு கூட்டில் சந்தேகம் இருந்தால் அதற்காக மறுநாள் திரும்பி வருகிறவள்.

"இந்த ஊர்லயா? இவங்களுக்கு வெடியைப் பிடிக்கவே தெரியாது சார்" என்றாள். பதில் அவ்வளவு சுலபமாக வந்தது. அது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"நீங்க அவங்க சோத்தைத் தின்னவங்க. பெட்டி தின்னாது." கிருபாகரன் நிரஞ்சனிடம் திரும்பினார். "பெட்டியில ஒலிவாங்கி இருக்கில்ல? கார்த்திகை மாசப் பதிவை எடுங்க. வெடிச் சத்தம் இருக்கான்னு இப்பவே கேட்டுடலாம்."

முத்திருளாயியின் கை கோதையின் முழங்கையைப் பற்றியது.

நிரஞ்சன் கையிலிருந்த கருவியில் எதையோ தட்டினான். குஞ்சுகளின் பசிக் கூச்சல் ஒலித்தது. மேலும் தட்டினான். அதே கூச்சல். வெடி இல்லை, மழை இல்லை, மனிதக் குரல்கூட இல்லை.

"பறவைச் சத்தத்தைத் தவிர மத்தது எல்லாத்தையும் கருவியே கழிச்சிடும் சார். வெடிச்சிருந்தாலும் இதுல தெரியாது" என்றான். "என் கணிப்பு, தண்ணி ஆழம் ஒத்து வரல. பறவைக்கு இடம் பிடிக்கல."

அது பொய். அந்த ஒலிவாங்கி எதையும் கழிக்காது என்பது அவனுக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். உட்கார்ந்து ஒவ்வொரு வெடியாக அவன் அழித்திருக்கிறான். அவளுக்காக. இந்த ஊருக்காக. நாலைந்து மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் இளகியது. கூப்பிட்டால் இப்போதே அவனோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

கிருபாகரன் பெருமூச்சு விட்டார். "சரி, இந்த இடம் விளங்கல. ஆனா பெட்டிமேல குறை இல்லைங்கறீங்க?"

"பெட்டிமேல குறை இல்ல சார்."

"அப்ப வேற கண்மாய்ல வெச்சுப் பார்ப்போம். கொழுவனூர்க் கண்மாய் ஆழமா இருக்குன்னு சொன்னாங்க. வர்ற பருவத்துலேர்ந்து மூணு வருஷம். என்ன, ஆலை கொஞ்சம் தள்ளிப் போகும்."

கோதை நிரஞ்சனைப் பார்த்தாள். இப்போது சொல்வான். இதோ, வாயைத் திறந்து, சார், இந்தப் பெட்டி குஞ்சைக் கொல்லுது என்று ஒரே ஒரு வரி சொல்வான். அவன் சொன்னால் கிருபாகரன் கேட்டாக வேண்டும். செய்தவனே சொல்கிற சொல். அவள் காத்திருந்தாள். நிரஞ்சன் குனிந்து, செருப்பில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

இளகியது மறுபடி இறுகியது. இந்த முறை கல்லாக.

"சார்!" அவள் போட்ட சத்தத்தில் வண்டி ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பெட்டி போன பங்குனியில இந்தக் கண்மாய்ல ஒரு தலைமுறைக் குஞ்சையே பட்டினி போட்டுக் கொன்னிருக்கு. இவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், ஆவணியிலேயே நான் படத்தோட சொன்னேன். கொழுவனூர்லயும் அதேதான் நடக்கும்!"

"குஞ்சு என் கணக்குல வராதும்மா" என்றார் கிருபாகரன், வண்டிக் கதவைத் திறந்தபடியே.

நிரஞ்சன் மெதுவாக அவள் பக்கம் வந்தான். "கோதை, வண்டியில ஏறு. வீட்டுல போய்ப் பேசிக்கலாம். உனக்காக நான் எவ்வளவு பெரிய..."

"பொய் சொல்றதுன்னா எனக்காகச் சொல்லுவே. உண்மை சொல்றதுக்கு மட்டும் உனக்கு ஆளே கிடைக்க மாட்டாங்களா?" என்றாள். "போ, நிரஞ்சன். நீயே போ."

அவன் நின்றான். அப்புறம் போனான்.

முத்திருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டி அருகில் போய்ப் பணிவாகக் குனிந்தாள். "சார், கொழுவனூர்னா சொன்னீக?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அது எங்க சம்பந்தி ஊரு. இந்த ஊருப் பொண்ணுக நெறைய அங்கதான் வாக்கப்பட்டிருக்கு." அவள் முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம். "வருசா வருசம் தீபாவளிச் சீர் கொண்டு போவோம். பலகாரம், துணிமணி எல்லாம் வெப்போம், வெடி மட்டும் வெக்க மாட்டோம், எங்க வழக்கம் அப்படி. மாப்பிள்ளைகளுக்கு அதுல ரொம்ப நாளா மனக்குறை. வர்ற வருசம் அதைத் தீத்துறலாம்னு இருக்கோம்."

"நல்லது, நல்லது" என்றார் கிருபாகரன். வண்டி கிளம்பியது.

புழுதி அடங்கும்வரை எல்லோரும் வண்டி போன திசையையே பார்த்தார்கள். சேதுராசுதான் முதலில் தொண்டையைச் செருமினார். "ஏ, திருப்பூர்க்காரி! அந்த ஊதுவத்தி வித்தைய கொழுவனூர்ப் பொண்ணுகளுக்கும் சொல்லிக் குடுத்துருவியா?"

கோதை தொலைநோக்கியை உறையில் போட்டு மூடினாள். கோபம் இன்னும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை. "மூணு மணி பஸ்ஸுக்கு நெடுங்கழி போறேன் அக்கா. அங்க குஞ்சு பொரிச்சிருக்கான்னு பார்க்கணும்" என்றாள்.

"நாங்க கேக்குற கணக்கு அதுதான் தாயி" என்றாள் முத்திருளாயி. "பாத்துட்டு வந்து சொல்லு."